கஞ்சியும் கோழியும்

குழந்தையை எடை மெஷினில் படுக்க வைத்ததும் நீங்கள் எல்லோரும் மெஷினின் திரையைத்தான் பார்க்கிறீர்கள். போன வாரம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நம் பழைய ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாக வந்தபோது, வாசலோரம் நின்று கவனித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான். திரையைப் பார்ப்பது தப்பில்லை. பார்த்த பிறகு ஒரு தடவை தலையைத் தூக்கி, குழந்தையைக் கொண்டுவந்தவர்களின் முகத்தையும் பாருங்கள். எடை ஏறவில்லை என்று சொன்னதும் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது மெஷினில் வராது.

குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சத்துமாவுக்கு எதையெல்லாம் வறுக்க வேண்டும், எப்போது காய்கறி, எப்போது முட்டை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சுவரிலும் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பொன்மலையிலிருந்து ஒரு குழந்தை வந்தது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தை யாழினி. தாய் தேன்மொழி, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. தகப்பன் பாஸ்கர், ரயில்வே பணிமனையில் ஃபிட்டர்.

பாஸ்கருக்கு அப்போது மதியத்துக்கு மேல் ஷிப்ட். காலையில் தேன்மொழி கடைக்குக் கிளம்பினால் குழந்தை அவரிடம்தான். கஞ்சி காய்ச்சுவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவரே. அவர் ஷிப்டுக்குப் போகும்போது, அதே குவார்ட்டர்ஸ் வரிசையில் குடியிருக்கும் அவருடைய அக்கா வந்து பார்த்துக்கொள்வார். சாயங்காலத்துக்கான கஞ்சியையும் பாஸ்கரே காய்ச்சி வைத்துவிட்டுப் போவார். இப்படி ஒரு தகப்பனை எங்கே தேடிப் பிடிப்பது என்று நானே தேன்மொழியைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆறு மாதம் வரை யாழினி தாய்ப்பாலில் நன்றாகத்தான் வளர்ந்தாள். திட உணவு தொடங்கிய பிறகு எடை நின்றுவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் கொண்டுவந்தபோது கன்னம் வற்றி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. "என்ன குடுக்குறீங்க?" என்றால் சத்துமாவுக் கஞ்சி. "எத்தனை வேளை?" என்றால் சரியான பதில். மாவையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருந்தார் பாஸ்கர். கேழ்வரகு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் வேர்க்கடலை. எல்லாம் முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

கூடவே வந்திருந்த அக்கா சொன்னார்: "மாவெல்லாம் நல்ல மாவுதாங்க. பெத்தவ பக்கத்துல இருந்தாத்தானே பிள்ளை ஒடம்பு தேறும்? இவ விடிஞ்சா கடைக்குப் போயிடுறா."

தேன்மொழி என்னைப் பார்த்து, "மாசக் கடைசியோட நின்னுக்குறேன்னு கடையில சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றார். அவர் அந்த வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்பவர் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை வந்தபோது, நான் கட்டியிருந்த புடவையைத் தொட்டே பார்க்காமல் எந்த ஊர் நெசவு என்று சொன்னவர். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து, கீழ்த்தளத்திலிருந்து பட்டுப் பிரிவுக்கு உயர்ந்தவர்.

நான் பாஸ்கரைப் பார்த்தேன். மெஷினில் குழந்தை கிடக்கிறது, திரையில் எடை நிற்கிறது, அந்த மனிதர் அதைப் பார்க்கவே இல்லை. பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவலைப்படுகிற முகத்துக்கும் பயப்படுகிற முகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அது பயந்த முகம்.

டாக்டரம்மா குழந்தையை முழுக்கப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டெஸ்ட் எழுதிடலாம். ஆனா ரத்தம் எடுக்கணும், அட்மிஷன் போடணும், குழந்தை ரொம்ப வாடிடும். ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அவங்க அடுப்படியப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றார். டாக்டர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மறுநாள் காலையே கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் மாறி நான் பொன்மலை சேர்வதற்குள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிளும் பைக்கும் தெருவைக் காலி செய்துவிட்டிருந்தன. குவார்ட்டர்ஸ் வாசலில் பாஸ்கரின் அக்கா நின்றிருந்தார். காலடியில் ஒரு செவலைக் கோழி. நான் இவ்வளவு கொழுத்த கோழியை அதற்கு முன்பு பார்த்ததில்லை. நடக்கவே சிரமப்பட்டது.

"நல்லா வளத்திருக்கீங்களே" என்றேன்.

"என் கைராசிங்க. இதுக்குன்னு தனியா ஒண்ணும் போடறதில்ல. தம்பி வீட்டுப் பக்கம் போய் மேஞ்சுட்டு வரும், அவ்வளவுதான்" என்றார் பெருமையாக.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. தேன்மொழி எனக்காகக் கடையில் கொஞ்ச நேரம் அனுமதி கேட்டு வைத்திருந்தார். பாஸ்கரோ அவரைக் கிளப்புவதிலேயே குறியாக இருந்தார். "நீ கெளம்பு, லேட்டாகுது. சிஸ்டர நான் பாத்துக்குறேன்" என்று கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். தேன்மொழி குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் சிஸ்டர். எதுனாலும் எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்குப் போனால் முன்னறையில் நாற்காலி போடுவார்கள், காபி வரும், அங்கேயே கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிவிடத் தோன்றும். உட்காராதீர்கள். கஞ்சி எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டால் நாம் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததையே நமக்குத் திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம் என நினைத்துக்கொள்வார்கள். "காய்ச்சுங்க, நான் சும்மா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படியின் ஓரமாக நின்றேன்.

பாஸ்கர் மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டினார். நல்ல பதமாக வந்தது, அல்வாவுக்குக் கொஞ்சம் முந்தின பதம். அதோடு விட்டிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அவர் இறக்கிய பிறகு ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினார். அப்புறம் கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். துவைத்துக் காய்ந்த மெல்லிய துணி. அதை இரண்டாக மடித்து, திருப்பி இன்னொரு மடிப்பு மடித்து, பாத்திரத்தின் மேல் கட்டிக் கஞ்சியை ஊற்றினார். சொட்டுச் சொட்டாக வடிந்தது. வடிந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பணிமனையில் ஆயில் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். அதில் ஒரு துகள் கண்ணில் பட்டதும் மறுபடி வடிகட்டினார்.

கடைசியில் மேல் அலமாரியிலிருந்து ஒரு பால் பாட்டில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரும் பையில் எப்போதும் கிண்ணமும் ஸ்பூனும்தான் இருக்கும். பாட்டிலைக் கண்டால் சிஸ்டர் திட்டுவார் என்று ஊருக்கே தெரியும். அதனால் பாட்டில் வீட்டில் இருந்துவிடும். திட்டித் திட்டி நாம் சாதித்தது அவ்வளவுதான், பாட்டிலை நம் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

துணியில் தங்கிய விழுதை வழித்துக்கொண்டு பாஸ்கர் பின்கதவைத் திறந்தார். செவலைக் கோழி அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தது. கேழ்வரகு, பாசிப்பயறு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் அதற்குப் போனது. யாழினிக்குக் கஞ்சி கழுவிய தண்ணீர் பாட்டிலில் போனது. குழந்தை அதை மடக் மடக்கென்று குடித்து, வயிறு நிரம்பி, சமர்த்தாகத் தூங்குவாள். யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்களும் அந்த இடத்தில் நின்றால் அப்படித்தான் இருக்கும். "உங்க பிள்ளைக்குப் போக வேண்டியதெல்லாம் உங்க அக்கா கோழி சாப்பிடுது, தெரியுதா?" என்று கேட்டே விட்டேன். அவர் ஒரு நிமிடம் கோழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் மேற்கொண்டு வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். கெட்டியாகக் கொடுங்கள், பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவர் சரி சரி என்று தலையாட்டியிருப்பார். மறுநாள் அதே துணி. மாவு இவ்வளவு பக்குவமாகச் செய்யத் தெரிந்த மனிதருக்குத் தண்ணீருக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தே செய்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏன் பாஸ்கர் இப்படி வடிகட்டுறீங்க?"

"ஆரம்பத்துல இட்லிய மசிச்சுக் குடுத்தேன் சிஸ்டர். இவ கடைக்குப் போயிட்டா, நான் மட்டும்தான் இருந்தேன். திடீர்னு பாப்பாவுக்கு மூஞ்செல்லாம் செவந்து, கண்ணுல தண்ணி வந்து, ஓங்கரிச்சுது. எனக்கு ஒண்ணும் புரியல. தலைகீழாப் புடிச்சுத் தட்டுனேன். செருப்பு கூடப் போடாம ரோட்டுக்கு ஓடினேன். நாலு வீடு தாண்டறதுக்குள்ள பாப்பா சிரிக்குது."

"தேன்மொழிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அன்னைக்கே வேலைய விட்டுருவா சிஸ்டர். நான் வீட்டுல இருந்து பாத்துக்குறேன்னு சொல்லித்தான் அவள மறுபடி வேலைக்கு அனுப்புனேன். என்னால முடியலன்னு எப்படிச் சொல்றது?"

பெண்டாட்டி வேலையை விடக் கூடாது என்று ஒரு பயத்தை மறைத்தார். அந்தப் பயத்தில் கஞ்சியை வடிகட்டினார். கஞ்சியை வடிகட்டியதில் குழந்தை இளைத்தது. குழந்தை இளைத்ததற்கு, வேலைக்குப் போகிறாள் என்று தேன்மொழி மேல் பழி விழுந்தது. இப்போது அவர் வேலையை விடப் போகிறார். பாஸ்கருக்கு இது எல்லாமே தெரிந்திருக்கிறது, கஞ்சியால்தான் எடை நின்றது என்பதைத் தவிர. அதை மட்டும் அவர் சத்தியமாக நினைத்துப் பார்க்கவில்லை. வடிகட்டினால் சுத்தமாகிறது என்றுதான் நினைத்தார். ஒரு துகள் உள்ளே போனால் இன்ஜினே நின்றுவிடும் என்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர்.

அறிவுரையால் இந்தப் பயம் போகாது என்று தெரிந்தது. பாட்டிலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, புதிதாகக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சச் சொன்னேன். வெந்நீர் கிடையாது, துணி கிடையாது. ஸ்பூனில் எடுத்துச் சரித்தால் வழியாமல் நிற்கிற பதம். யாழினியை நேராக உட்கார வைத்து, நான் எதிரில் உட்கார்ந்தேன். ஸ்பூனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஸ்பூனை என் பக்கமே நீட்டினார். "நீங்க குடுங்க சிஸ்டர்."

"நாளைக்கு நான் வர மாட்டேன். நீங்கதான் குடுக்கணும். ஸ்பூன் நுனியில மட்டும் எடுங்க."

முதல் வாயை யாழினி நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாவதைச் சப்பினாள். மூன்றாவது வாயில் ஓங்கரித்தாள். முகம் சிவந்து, நாக்கு வெளியே வந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. பாஸ்கர் ஸ்பூனைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கப் பாய்ந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் இன்னொரு கை குழந்தையின் முதுகுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எத்தனை வருடம் ஆனாலும் அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும்.

"சத்தம் கேக்குதா பாஸ்கர்? இருமுறா பாருங்க. சத்தம் வருதுன்னா மூச்சு போயிட்டு வருதுன்னு அர்த்தம். அவளே வெளிய கொண்டு வந்துருவா. சத்தமே இல்லாம, வாயத் தொறந்து முழிச்சு, ஒதடு நீலமானாத்தான் ஆபத்து. அதுக்கு என்ன செய்யணும்னு இன்னைக்கே சொல்லித் தரேன். இது அது இல்ல. தூக்காதீங்க, பாருங்க."

யாழினி இருமினாள். தொண்டையில் நின்ற கஞ்சியை முன்னால் கொண்டுவந்தாள், மறுபடி சப்பினாள், விழுங்கினாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

அந்த வாய்க்கு முன்னால் பாஸ்கர் அழுதுவிட்டார். "குடுங்க, தொறந்த வாய் காத்துக்கிட்டு இருக்கு" என்று நான்தான் ஸ்பூனை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். கிண்ணத்தில் பாதிக்கு மேல் உள்ளே போனது. பின்கதவுக்கு வெளியே கோழி கொக்கரித்துக்கொண்டே இருந்தது. யாரும் திறக்கவில்லை.

அப்புறம் குழந்தைக்கு நிஜமாகவே அடைத்துக்கொண்டால் எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்பதை ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஃபிட்டரின் கை, ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டது. தலைகீழாகத் தூக்கக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நீங்கள் இதை ஃபோனில் செய்து காட்டப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் அந்த மூன்றாவது வாயைத் தாண்ட வைத்தது.

கிளம்பும்போது பாஸ்கர் வாசல் வரை வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சிஸ்டர், மாவுல எதையோ மாத்தச் சொன்னீங்கன்னு அவகிட்ட சொல்லிடட்டுமா? இல்லேன்னா நீங்களே ஒரு வார்த்த பேசிடுங்களேன்."

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப யோசித்தேன். நான் தேன்மொழிக்கு ஃபோன் செய்து சொல்லியிருக்கலாம், தாய்க்குத் தெரியாமல் நமக்கு என்ன ரகசியம்? சொன்னால் பாஸ்கரை நான் காட்டிக்கொடுத்தது போலாகும், அடுத்த தடவை பயம் வந்தால் என்னிடமும் மறைப்பார். மாவு என்று பொய் சொன்னாலும் குழந்தை தேறிவிடும். ஆனால் பழி தேன்மொழி தலையிலேயே கிடக்கும், வேலையும் போய்விடும். "நான் சொல்ல மாட்டேன், மாவு மேலயும் பழி போட மாட்டேன். நீங்க சொல்லணும். இன்னைக்கே சொல்லணும். அவங்க வேலைய விடறேன்னு கடையில எழுதிக் குடுக்கறதுக்குள்ள சொல்லணும்" என்றேன். தலையாட்டினார். சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, தப்பு செய்துவிட்டோமோ என்றுதான் இருந்தது.

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பரிசோதனைகளைத் தள்ளி வைத்து, சீக்கிரமே திரும்ப வரச் சொல்லிவிட்டார். அவர்கள் வரும் நாளுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எடை ஏறாமல் போனால் தள்ளி வைத்த ஊசி, அட்மிஷன் எல்லாம் வரும். எடை ஏறினாலும் தேன்மொழி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று தேன்மொழி மட்டும்தான் வந்தார், இடுப்பில் யாழினியோடு. எடை மெஷினில் வைத்தோம். ஏறியிருந்தது. நிறைய இல்லை, ஆனால் நின்றிருந்தது நகர்ந்துவிட்டது. நான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்க்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ தேறிட்டா சிஸ்டர். எங்க அண்ணியோட கோழிதான் எளச்சுப் போச்சு. அது ஏன்னு இவரே அவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டாரு. அண்ணி இப்பல்லாம் என் வேலையப் பத்தி வாயே தொறக்கறதில்ல."

கோழி விஷயத்தை அந்த அடுப்படியை விட்டு வெளியே நான் டாக்டரம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் பாஸ்கர் தேன்மொழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யாழினியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"எடைய அட்டையில சீக்கிரம் எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார் தேன்மொழி, குழந்தைக்குச் சட்டையை மாட்டியபடி. "இவள அவர்கிட்ட விட்டுட்டு நான் கடைக்கு ஓடணும். இன்னைக்குப் புதுப் பட்டு வந்து எறங்குது."